மூடிய டிரெய்லருக்குள் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்: எங்கே கட்டுவது, எதைத் தொடக் கூடாது

கேள்வி: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று எனச் சக்கரங்கள் உள்ள மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். எடை சுமார் 450 கிலோ. இதுவரை என் இரு சக்கர வண்டியை மூடிய டிரெய்லரில் ஏற்றி, ஹேண்டில்பாரில் பட்டை போட்டு, முன் ஃபோர்க் நன்றாக அமுங்கும்வரை இறுக்கிக் கொண்டுபோவது வழக்கம். புதிய வண்டியில் கொக்கி மாட்டுவதற்கு ஓர் இடமும் தென்படவில்லை. எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக் மூடிகள். டிரெய்லரின் தரையில் நான்கு மூலைகளிலும் வளையங்கள் இருக்கின்றன. எதில் கட்டுவது? எத்தனை பட்டை வேண்டும்? பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டால் போதாதா?

பதில்: இரு சக்கர வண்டியைக் கட்டிப் பழகிய கை முதலில் ஹேண்டில்பாரைத்தான் தேடும். அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இரு சக்கர வண்டி சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் ஃபோர்க்கை அமுக்கி, இரு பக்கமும் இழுத்து நிமிர்த்தி நிறுத்துகிறோம். உங்கள் புதிய வண்டி தானாகவே நிற்கும். அது உருளும், வழுக்கும், பின்பக்கம் இடம் வலமாக அலையும். இந்த மூன்றையும் தடுத்தால் போதும். அதற்கு உடலைக் கட்டத் தேவையில்லை. சக்கரங்களைத் தரையோடு கட்டுங்கள். சஸ்பென்ஷனுக்கு மேலே உள்ள எதையும் தொடாதீர்கள்.

காரணம் எளிது. சட்டகத்திலோ ஹேண்டில்பாரிலோ பட்டை போட்டுக் கீழே இழுத்தால், டிரெய்லர் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்பிரிங் அமுங்கும். பட்டை ஒரு கணம் தொய்யும். மறுகணம் சுண்டி இழுக்கும். தொய்யும் அந்தக் கணத்தில்தான் திறந்த கொக்கி வளையத்திலிருந்து நழுவி விழுகிறது. அப்படித் தொய்யாதிருக்க ஸ்பிரிங்கை முழுவதுமாக அமுக்கிக் கட்டினால், வழி நெடுக ஷாக் அப்சார்பரின் சீல்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். ஹேண்டில்பாரோ, மின்சார உதவியுடன் இயங்கும் ஸ்டீயரிங் அமைப்போடு இணைந்தது. மூட்டை கட்டுவதற்கான கைப்பிடி அல்ல. சக்கரத்தைக் கட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வண்டியின் உடல் தன் சஸ்பென்ஷன் மேல் சாலையில் ஓடுவதைப் போலவே ஏறி இறங்கும். பட்டைக்கு அது தெரியவே தெரியாது.

இனி முன் சக்கரங்கள். கார்களை ஏற்றிச் செல்லும் லாரிகளில் டயரின் தலைமேல் கவிழ்த்துப் போடும் பட்டை வலையைப் பார்த்திருப்பீர்கள். அதே பொருள்தான், உங்கள் டயர் அளவுக்கு ஏற்றதாக வாங்கிக்கொள்ளுங்கள். வலையின் ஒரு முனை சக்கரத்துக்கு முன்னே தரையில் உள்ள பிடிப்பில் மாட்டப்படும். மறுமுனை பின்னே உள்ள பிடிப்பில் ராட்செட்டுடன் (பட்டையைச் சுற்றி இறுக்கும் நெம்புகோல் பூட்டு) இணையும். ராட்செட்டை இறுக்கும்போது டயர் தரையோடு அழுந்தி, முன்னும் பின்னும் நகர முடியாமல் நின்றுவிடும். வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை வண்டிகளில் மட்கார்டு டயரை ஒட்டியே இருக்கும். வலையின் தடிமனான தையலோ வளையமோ அந்த இடுக்கில் நுழையாமல் போகலாம். இரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். வண்டி ஏறி இறங்கும்போது அந்த இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வலை போட வழியில்லை என்றால், சக்கர ரிம்மின் ஆரங்களுக்கிடையே மென்மையான துணி வளையம் ஒன்றை நுழைத்து, அதில் ராட்செட் பட்டையின் கொக்கியை மாட்டலாம். உலோகக் கொக்கியை நேரே ரிம்மில் மாட்டாதீர்கள். கீறல் விழும், நழுவவும் செய்யும். துணி வளையத்தை நுழைக்கும் முன் டார்ச் அடித்துச் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சாரின் மெல்லிய ஒயரும் அங்கேதான் போகின்றன. பட்டை இறுகும்போது அந்த ஒயர் நடுவில் மாட்டிக்கொண்டால், ஊர் போய்ச் சேர்ந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது யாரும் பட்டையைச் சந்தேகிப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் சென்சாரைத்தான் மாற்றச் சொல்வார்கள்.

பின் சக்கரம் ஒன்றே என்பதால் அதைப் பலர் பெயரளவுக்குக் கட்டிவிட்டு விடுகிறார்கள். வால் பக்கம் அலைவதைத் தடுப்பது அதுதான். ரிம்மில் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரண்டு துணி வளையங்கள். அவற்றிலிருந்து பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் விரிந்து செல்லும் இரண்டு பட்டைகள். இரண்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டே நிற்கும். டிரைவ் பெல்ட்டும் அதன் பல்சக்கரமும் உள்ள பக்கத்தில், பட்டை பெல்ட்டின் மேல் உரசாமல் போகிறதா என்று குனிந்து பாருங்கள்.

பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ஹார்லி-டேவிட்சன் ட்ரை கிளைடு போன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், திசை மட்டும் மாறும். அவை 500 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை; வலைகள் பின் சக்கரங்களுக்கு. முன் சக்கரத்தைத் தரையில் போல்ட் போட்ட சக்கரத் தாங்கிக்குள் செலுத்தி, ஃபோர்க்கின் கீழ்க் கிளாம்பிலிருந்து இரு பட்டைகளை மிதமாக இழுத்துக் கட்டலாம். பழைய பழக்கம் உதவும் இடம் இது ஒன்றுதான். அங்கும் ஃபோர்க்கை அடிவரை அமுக்க வேண்டாம்.

உங்கள் டிரெய்லரின் நான்கு வளையங்களுக்கு வருகிறேன். எனக்குக் கவலை தருவது அவைதான். முதலாவதாக, எண்ணிக்கை போதாது. முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு என ஆறு பிடிப்புகள் வேண்டும். மூலையில் உள்ள வளையங்கள் சக்கரத்தின் நேர்க்கோட்டில் அமைவதும் அரிது. இரண்டாவதாக, அவை எதில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பது. டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வளையத்தின் போல்ட்டுகள் தரையைத் தாண்டி இரும்புக் குறுக்குச் சட்டத்திலோ, குறைந்தபட்சம் அகலமான இரும்புத் தகட்டிலோ நட்டுடன் முடிந்திருந்தால் நல்லது. கீழே வெறும் பிளைவுட்டும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் மர ஸ்குரு முனைகளும் மட்டுமே தெரிந்தால், அந்த வளையம் அலங்காரத்துக்கு. பட்டையில் என்ன தாங்கு எடை அச்சிட்டிருந்தாலும் பயனில்லை. அவசர பிரேக் ஒன்றில் ஸ்குரு மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். வளையத்தைச் சுற்றி பிளைவுட் கறுத்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால், தண்ணீர் இறங்கி உளுத்திருக்கிறது என்று பொருள். அந்தத் துண்டை வெட்டி மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

கூடுதல் பிடிப்புகளுக்கு, தனித்தனி வளையங்களைவிட, துளைகள் வரிசையாக உள்ள இரும்புத் தண்டவாளங்களைச் சக்கரக் கோடுகளின் நெடுக்கே பதிப்பது மேல். வண்டியை முன்னே பின்னே நகர்த்திக் கட்ட அவை இடம் தரும். அவற்றையும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். பக்கச் சுவரில் மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெல்லிய தகடும் ஒல்லியான தூண்களும் கொண்ட சுவர் அது. சைக்கிளையும் நாற்காலியையும் கட்டலாம், 450 கிலோவை அல்ல.

எவ்வளவு வலுவான பட்டை என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்கச் சரக்குப் பாதுகாப்பு விதிகளும் ஐரோப்பாவின் இஎன் 12195-1 தரமும் ஒரே அடிப்படையில் நிற்கின்றன: முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கு விசையையும் தாங்கும்படி கட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு அது முன்னோக்கி 360 கிலோ, பக்கவாட்டில் 225 கிலோ. ஆனால் பட்டை இழுக்கும் திசையும் வண்டி நகரப் பார்க்கும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. தரையிலிருந்து 45 டிகிரி சாய்வில் உள்ள பட்டையின் இழுப்பில் 70 விழுக்காடுதான் கிடைமட்டமாக வேலை செய்யும். 60 டிகிரிச் சாய்வில் நின்றால் பாதிதான். விரிந்து செல்லும் பட்டையில் இன்னும் கொஞ்சம் குறையும். எனவே ஒவ்வொரு பட்டையும் 500 கிலோவுக்குக் குறையாத வேலைத்தாங்கு எடை (பயன்பாட்டில் பாதுகாப்பாகத் தாங்கும் எடை) கொண்டதாக இருக்கட்டும். அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அறுந்துபோகும் எடை. அதில் மூன்றில் ஒரு பங்குதான் வேலைத்தாங்கு எடை. லேபிளில் சிறிய எழுத்தைத் தேடிப் படியுங்கள். லேபிளே இல்லாத பட்டையை மரக்கிளை கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் இழுபட்டு நீளும். கொக்கியில் நழுவாமல் தடுக்கும் ஸ்பிரிங் தடுப்பு இருக்க வேண்டும். ராட்செட்டின் உருளையில் பட்டை இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். எஞ்சிய வாலைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள், அது சக்கர ஆரத்துக்குள் கிடக்கக் கூடாது.

பார்க்கிங் பிரேக் பற்றிக் கேட்டீர்கள். கட்டாயம் போடுங்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல மாடல்களில் அது பின் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். கியரில் நிறுத்திவிட்டேன் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். செமி-ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டிகளில் எஞ்சின் நின்றதும் கிளட்ச் விலகியே இருக்கும். கியர் எதையும் பிடிக்காது. கனமான முட்டுக்கட்டைகளை முன் சக்கரங்களின் முன்னே தரையோடு போல்ட் போட்டு வைத்தால் இரட்டைப் பயன்: முன்னோக்கிய விசையில் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் வண்டி ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

அந்த ஒரே இடம் எது என்பதை ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சரக்கின் எடை பின்னால் போனால் டிரெய்லர் வேகத்தில் பாம்பாக நெளியும். அதைக் கட்டுப்படுத்துவது கடினம். இழுக்கும் வண்டியின் கொக்கியில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அழுந்த வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய வண்டிகளில் அனுமதிக்கப்படும் எடை இதைவிடக் குறைவு, எனவே இழுக்கும் வண்டியின் கையேட்டில் உள்ள வரம்பே இறுதி. மூன்று சக்கர வண்டியின் எடை மையம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னே வரும்படி நிறுத்தி, கொக்கி எடையை அளந்து, தரையில் பெயின்ட்டால் குறி போட்டுவிடுங்கள்.

ஏற்றுவதில் இரண்டு சங்கடங்கள். இந்த வண்டிகளின் அடிவயிறு தாழ்வானது. சாய்தளக் கதவு டிரெய்லர் தரையைச் சந்திக்கும் முனையில் இடிக்கும். கதவின் கீழ் முனையில் பலகை வைத்து நீட்டினால் சாய்வு குறையும். நடுவில் ஒரு சக்கரம் ஏறுவதால், இரு தனிப் பலகைகள் போதாது. மூன்று தடங்களும் தாங்கும் முழு அகலச் சாய்தளம் வேண்டும். இன்னொன்று, உள்ளே ஓட்டிச் சென்றபின் இறங்க இடம் இருக்காது. ஒன்றரை மீட்டர் அகல வண்டியும் இருபுறச் சுவர்களும் சேர்ந்து உங்களை இருக்கையிலேயே சிறைவைத்துவிடும். மூடிய பெட்டிக்குள் எஞ்சின் ஓடுவதால் கார்பன் மோனாக்சைடும் சேரும். முன்சுவர்ப் பக்கம் தரைச் சட்டத்தில் பொருத்திய மின் வின்ச்சால் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி), எஞ்சினை அணைத்துவிட்டு மெதுவாக இழுப்பதே என் தேர்வு. ஏற்றும்போது டிரெய்லர் இழுக்கும் வண்டியோடு இணைந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் எடை ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

கட்டி முடித்ததும் இருக்கையில் கை வைத்து அழுத்துங்கள். வண்டி சஸ்பென்ஷனில் தாராளமாக இறங்கி எழ வேண்டும். பட்டைகள் அசையக் கூடாது. பிறகு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் உலுக்குங்கள். டிரெய்லரே தன் ஸ்பிரிங்கில் ஆட வேண்டும், உள்ளே சக்கரம் தனியாக ஆடக் கூடாது.

மூடிய டிரெய்லரின் குறை, ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது என்பதுதான். புதிய பட்டையும் டயரும் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் இளகும். முதல் 15, 20 கிலோமீட்டரிலேயே நிறுத்தி, கதவைத் திறந்து, ஒவ்வொரு பட்டையையும் கையால் தட்டிப் பாருங்கள். அதன்பின் எரிபொருளுக்கோ ஓய்வுக்கோ நிற்கும்போதெல்லாம். இந்த வண்டிகளின் முன் டயர்கள் கார் டயரைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுபவை. புறப்படும் முன் காற்றைச் சரிபார்க்காவிட்டால், வழியில் டயர் சற்றே இளைத்தாலும் வலை தொளதொளத்துவிடும். பெட்ரோல் டேங்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்டி சூடேறி ஆவி தேங்கும். கூரைக் காற்றுத் துளைகள் திறந்திருக்கட்டும். சாவி 'ஆஃப்' நிலையில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் தீர்ந்த பேட்டரியோடு 450 கிலோவைப் பின்னோக்கித் தள்ளுவது சுகமான வேலை அல்ல.

இறக்கும்போது முதலில் டிரெய்லர் சமதளத்தில், இழுக்கும் வண்டியோடு இணைந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள். வின்ச் கம்பியை மாட்டி, தொய்வில்லாமல் இழுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் முன் வலைகளை அவிழுங்கள். பின் சக்கரத்தின் பட்டைகள் அடுத்து. பார்க்கிங் பிரேக் கடைசியில். அந்தப் பிரேக்கை எடுக்கும்போது வண்டிக்குப் பின்னால், சாய்தளத்தில், யாரும் நிற்கக் கூடாது.