கயிறு ஏற நானே ஒரு பிடிமுடிச்சு கண்டுபிடித்தேன், மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டும் பார்த்துவிட்டேன். இனி நம்பி ஏறலாமா?

இப்போதைக்கு ஏறாதீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முடிச்சு மோசம் என்று சொல்லவில்லை. மூட்டை தொங்கியதை மட்டும் நம்பி நானும் ஒரு முறை ஏறியிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மொட்டை மாடியிலோ ஏதாவது கிளப் சுவரிலோ பழகுகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பெங்களூரில் மரக்கிளை கழிக்கும் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம், இப்போது வீடு ஸ்ரீராமபுரத்தில். ஆரம்பத்தில் இடுப்பில் ஒரு கயிறு, கையில் அரிவாள், அவ்வளவுதான். ராமநகரப் பாறைகளில் ஏறுகிற பையன் ஒருவன் நான் ஏறுவதைப் பார்த்துப் பதறிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புரூசிக் கட்டச் சொல்லிக்கொடுத்தான். கார்ல் புரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி 1931-ல் எழுதி வெளியிட்ட முடிச்சு அது. பெரிய கயிற்றின் மேல் சின்னக் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறோம். எடை இல்லாதபோது கையால் மேலே தள்ளலாம், எடை விழுந்தால் கவ்விக்கொள்ளும். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன், அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்பது உடனே பிடித்துப்போனது. ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. அதனால்தான் ஒரு சுற்று குறைந்தால் வழுக்குகிற அதே முடிச்சு, ஒரு சுற்று கூடினால் பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிடுகிறது.

அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. புரூசிக்கில் மேலேயும் கீழேயும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்றுவார்கள். நாள் பூராவும் ஏறி இறங்குகிறவனுக்கு அது இறுகிக்கொண்டே போகும், ஒவ்வொரு முறையும் நகத்தால் நெம்பி இளக்க வேண்டும். மேலே நாலு சுற்று, கீழே ஒன்று என்று மாற்றிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி நகர்ந்தது, எடை விழுந்ததும் பிடித்தது. ஒரு வாரம் தூக்கமே வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஐரோப்பாவில் மரம் ஏறுகிறவர்கள் அதை ஷ்வாபிஷ் என்ற பெயரில் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தார்கள். வருத்தம்தான், ஆனால் அவமானம் இல்லை. அமெரிக்காவில் ஜேசன் பிளேக் 1994-ல் ஒரு முடிச்சை எழுதி வெளியிட்டார், இன்று உலகமே அதை பிளேக் ஹிட்ச் என்கிறது. ஆனால் ஹைன்ஸ் புரோஹாஸ்கா என்ற ஆஸ்திரியர் அதே முடிச்சை 1981-லேயே எழுதியிருந்தார். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. ஆகவே உங்களுடையதும் ஏற்கெனவே இருக்கும் என்று யாராவது கீழே எழுதினால் மனம் விட்டுவிடாதீர்கள். கட்டிக் கட்டித் தானாகக் கண்டடைந்த கைக்கு ஒரு மதிப்பு உண்டு.

சரி, என் நாலு-ஒன்று முடிச்சைச் சோதித்த கதைக்கு வருகிறேன். 11 மில்லிமீட்டர் கயிறு, 8 மில்லிமீட்டர் சுற்றுக்கயிறு. இரண்டு சிமென்ட் சாக்கில் எம்-சாண்ட் நிரப்பி, பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்து 80 கிலோவாக்கினேன், என் எடை 68. நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதினேன். உலர்ந்த கயிற்றில் அறுபது முறை, தண்ணீரில் முக்கி இருபது முறை. ஒரு தடவைகூட நழுவவில்லை.

அடுத்த வாரம் ஜெயநகரில் ஒரு தூங்குமூஞ்சி மரம், சுமார் முப்பதடி உயரம். கீழே என் மச்சான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு கிளைக்கு மாறுவதற்காக இடுப்பு லேன்யார்டைக் (உடம்பை மரத்தோடு சேர்த்துக் கட்டும் குட்டைக் கயிறு) கழற்றியிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் ஈரப்பட்டையில் கால் வழுக்கியது. விழுகிறவன் என்ன செய்வான்? கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடிப்பான். என் கைக்குக் கிடைத்தது அந்த முடிச்சு. மேலேயிருந்து பிடித்துத் தொங்கினால் இந்த வகை முடிச்சுகள் கவ்வாது, இறங்குவதற்கு நாம் செய்வதே அதைத்தானே. ஆறேழு அடி சரசரவென்று போனேன். கீழேயிருந்து மச்சான், "மாமா கைய விடுங்க! கைய விடுங்க!" என்று கத்தினான். விழும்போது கையை விடு என்றால் எப்படி விடுவது? எப்படியோ விட்டேன். டக்கென்று நின்றது. உள்ளங்கை தோல் உரிந்திருந்தது, சுற்றுக்கயிற்றில் ஒரு விரல் அகலத்துக்கு வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுப்பு. தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாக இருந்தது, உருகி இறுகிவிட்டது. அந்தத் துண்டை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

எண்பது முறை சோதித்தும் இது தெரியாமல் போனதற்குக் காரணம், மூட்டைக்குக் கை கிடையாது. அதனால் உங்கள் முடிச்சைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நீங்களே தொங்கிச் சோதியுங்கள், கீழே மெத்தை போட்டுக்கொண்டு. முடிச்சின் மேல் கை வைத்தபடியே எடையை விடுங்கள், திடுக்கிட்டவன் பிடிப்பது போலப் பிடியுங்கள், எவ்வளவு நழுவுகிறது என்று சாக்பீஸால் குறியுங்கள். கையை விடப் பழகுவதும் அந்தச் சோதனையில் சேர்த்திதான். புதுக் கயிறு, பஞ்சு எழும்பிய பழைய கயிறு, ஈரம், மரப்பால் ஒட்டியது என்று ஒவ்வொன்றிலும் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று, கிளைக்கு மேலே போட்டுத் திரும்பி வரும் ரெட்டைக் கயிற்றில் முடிச்சின் மேல் ஏறக்குறைய பாதி எடைதான் விழும். அதில் நன்றாக ஓடும் முடிச்சு ஒற்றைக் கயிற்றில் முழு எடை விழும்போது கல்லாக இறுகி இறங்கவிடாது. கெவின் பிங்காம் ரோப் ரெஞ்ச் என்ற கருவியைச் செய்ததே அந்த எடையில் ஒரு பங்கை முடிச்சிலிருந்து எடுத்துவிடத்தான். சுற்றுக்கயிற்றுக்கு டைனீமா என்ற பாலிஎத்திலீன் இழைக் கயிறு வாங்காதீர்கள், வலு அதிகம் என்று கடையில் தள்ளிவிடுவார்கள். அது வழுவழுப்பு, 150 டிகிரிக்குள்ளேயே உருகும். நைலான் உருக ஏறக்குறைய 220 டிகிரியாவது வேண்டும், பாலியஸ்டருக்கு 250-ஐ ஒட்டி, அராமிட் (கெவ்லார் மாதிரி இழை) உருகுவதே இல்லை.

'கயிற்றைக் கவ்வும் கருவி வாங்கினால் தீர்ந்தது, முடிச்சு எதற்கு' என்று சிலர் வருவார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் நாலு மாத வாடகை அது. முடிச்சு கட்டுகிறவனை விவரம் தெரியாதவன் என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நடைபாதை போடுகிறவர்கள் மரத்தின் அடிவரைக்கும் கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். வேருக்குத் தண்ணீரும் இல்லை, மூச்சும் இல்லை. மே மாத மழையில் அந்த மரம் சாய்ந்தால் எல்லோரும் மரத்தைத் திட்டுகிறார்கள், வெட்டு வெட்டு என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள். அந்த அடிமரத்தில் ஏறி நிற்கும்போது காலுக்குக் கீழே அது ஆடுவது எங்களுக்குத்தான் தெரியும். இரண்டடி மண் விடச் சொல்லி எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்.

உங்கள் முடிச்சைத் தளர்வாக ஒன்று, இறுக்கி ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு கயிற்றின் மில்லிமீட்டரும், சுற்றுக்கயிற்றில் சுற்று முடிந்து இடுப்புவாரை நோக்கி இறங்கும் முனைகளின் நீளமும் எழுதுங்கள். அந்த முனை அரை சாண் நீண்டாலே பிடி மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் இரண்டடி உயரத்தில் கட்டிப் பார்த்துச் சொல்கிறோம்.