வைப்பரைத் திரைக்குள் வைத்தது யார்?

கேள்வி: மழையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மகன், முன்கண்ணாடியில் ஆவி படிந்ததும் ஏசியை மாற்றக் காரின் தொடுதிரையில் தேடியிருக்கிறான். அதற்குள் முன்னால் நின்ற வண்டியில் இடித்துவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. "சாலையைப் பார்க்காதது அவன் தப்பு" என்கிறார் என் கணவர். இத்தனை சின்ன வேலையை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைத்தவர்கள் மேல் தப்பே இல்லையா?

பதில்: சட்டம் உங்கள் கணவர் பக்கம்தான். ஜெர்மனியில் கனமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், வைப்பர் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டார். வண்டி சாலையை விட்டு விலகிப் போய் மோதியது. திரையும் கைபேசி போன்ற ஒரு மின்னணுக் கருவிதான் என்று 2020இல் கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் சொன்னது. 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் உறுதியாயின. எனக்கு அந்தத் தீர்ப்பு மனதுக்கு ஒப்பவில்லை. கனமழையில் வைப்பரைத் தொடாமல் எப்படி ஓட்டுவது?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையிலிருந்து மாணவரின் கண்களைத்தான் கவனிப்பேன். திருகுகிற குமிழ் இருக்கும் வண்டியில் கை தானாகப் போய்த் தடவிப் பிடித்து, ஒரு திருகு திருகிவிட்டு ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். பார்வை சாலையிலேயே இருக்கும். திரையில் தடவிப் பிடிக்க எதுவும் இல்லை. விரலை நீட்டும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும், பக்கத்துப் படம் அழுந்திவிடும், திரும்பி வர இன்னொரு முறை குனிந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வண்டி மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கும் இதுதான் கதி.

2022இல் ஸ்வீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் இதை அளந்தே காட்டியது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகள். பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. கடந்த தூரம் 306 மீட்டர். கடைசி இடத்தில் வந்த புதுக் காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர்! ஆள் மாறவில்லை, வண்டிதான் மாறியது. அப்புறம் எப்படி முழுப் பழியையும் ஓட்டுநர் தலையில் போடுவது?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013இலேயே ஒரு அளவு சொல்லிவிட்டது: ஒரு பார்வை 2 விநாடிக்கு மேல் போகக்கூடாது, ஒரு வேலை மொத்தம் 12 விநாடிக்குள் முடிய வேண்டும். ஆனால் அது வெறும் பரிந்துரை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பேன். ஓட்டுநருக்கு யோசிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடி. வடிவமைப்பவருக்கோ மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. கூடுதல் பொறுப்பு அவருடையதுதான். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் வைப்பர், இண்டிகேட்டர், ஹார்ன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கார் வாங்கும்போது நாமும் அதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

மகனைத் திட்டாதீர்கள். ஆவி நீக்கும் பொத்தான் எங்கே என்று வண்டி நிற்கும்போதே பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தேடட்டும்.

கேள்வி: ப்ளூடூத்தில் பேசினால் கை சும்மாதானே இருக்கிறது, அது பரவாயில்லையா?

பதில்: கை சும்மா இருக்கும், மனம் இருக்காது. குரலால் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 விநாடி வரை கவனம் முழுதாகத் திரும்புவதில்லை என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள். அழைக்கிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டிக்கொண்டே படிப்பார் என்று தெரிந்தும் செய்தி அனுப்புகிறவர் விபத்துக்குப் பொறுப்பாகலாம் என்று நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. "ஓட்டிட்டிருக்கியா?" என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் உடனே வைத்துவிடுங்கள்.