கெராச்சுட் கடற்கரைக்குப் படகு பேசுவதற்கு முன்

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். குடும்பத்தில் ஐந்து பேர். பத்து பெரிங்கி கடற்கரையில் இருப்பதுபோன்ற நெரிசல் இல்லாத, அமைதியான வேறொரு கடற்கரையில், அதிகம் செலவழிக்காமல் ஒரு பகல் இருந்துவிட்டு வர விரும்புகிறோம். கெராச்சுட் நல்ல இடம் என்கிறார்கள். சமூக ஊடகத்தில் ஒருவர் தலைக்கு இவ்வளவு என்று படகுக் கட்டணம் சொல்லி, முழுத் தொகையையும் இப்போதே வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறார். என் தாயாருக்கு மூட்டுவலி உண்டு. பணத்தைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கெராச்சுட் கடற்கரை, தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அந்தப் பூங்காவின் வாசலருகிலேயே படகுகள் கிடைக்கின்றன. அங்கு வாடகையைப் பொதுவாகப் படகுக்குத்தான் பேசுகிறார்கள், தலைக்கு அல்ல. ஆகவே ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் தொகை, ஒரு படகை முழுதாக அமர்த்துவதைவிடக் கூடிவிட வாய்ப்புண்டு.

இந்தப் பயணத்தில் பெருஞ்செலவு படகு ஒன்றுதான். ஜார்ஜ்டவுன் படகுத்துறை முனையத்திலிருந்து கொம்தார், தஞ்சோங் பூங்கா (Tanjung Bungah) வழியாகச் செல்லும் ரேப்பிட் பினாங்கு 101ஆம் எண் பேருந்தே தெலுக் பஹாங் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பூங்கா வாசலில் பெயரைப் பதிவு செய்து, நுழைவுக் கட்டணத்தையும் காட்டுப்பாதை திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கனமழைக்குப் பின் பாதை மூடப்படுவதுண்டு. நடையாகப் போனால் ஏற்றமும் இறக்கமுமாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்பதால், உங்கள் தாயாருக்கு அது ஒத்துவராது. பிள்ளைகள் மட்டும் நடந்து, தாயார் படகில் வருவதால் செலவு குறையாது, ஏனெனில் ஒருவர் ஏறினாலும் வாடகை படகுக்குத்தான். அனைவரும் போக வரப் படகிலேயே செல்வதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

படகில் ஏறும் முன் சில விவரங்களைத் தெளிவாகப் பேசி, படகுக்காரரின் வாய்மொழியோடு நிறுத்தாமல், கைப்பேசிச் செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தொகை போக மட்டுமா, திரும்பி வரவும் சேர்த்தா? எத்தனை மணிக்குக் கூட்டிச்செல்ல வருவார், தாமதமானால் கூடுதல் பணம் கேட்பாரா? கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா? ஐவருக்கும் மிதவை அங்கி இருக்கிறதா? தாயாரை நினைத்து மேலும் ஒன்று கேளுங்கள்: படகுத்துறையில் இறக்குவாரா, இல்லை முழங்கால் ஆழ நீரிலா? மூட்டுவலி உள்ளவர்களுக்கு, அலையில் ஆடும் படகிலிருந்து மணலில் குதித்து இறங்குவதே பெரும் சிரமம். பாதித் தொகையைப் போகும்போதும் மீதியைத் திரும்பிய பிறகும் தருவதாகப் பேசுவது, அவர் சொன்ன நேரத்தில் வந்து சேர நல்ல உத்தரவாதம்.

கெராச்சுட்டில் கடைகள் இல்லை. குடிநீரையும் கட்டுச்சோற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அந்தச் செலவும் மிச்சம். ஆனால் குரங்குகள் கையிலுள்ள நெகிழிப் பையைப் பறித்துக்கொண்டு ஓடும், ஆகவே முதுகுப்பையில் பூட்டி வையுங்கள். கடலில் குளிக்க வேண்டாம். நீரோட்டமும் ஜெல்லிமீன்களும் அங்கே ஆபத்தானவை. மணலுக்குப் பின்னால், மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் நிற்கும் ஏரி ஒன்றுண்டு. மழை குறைந்த மாதங்களில் அது வற்றிப்போகும். ஆமைப் பாதுகாப்பு நிலையமும் அருகில் இருக்கிறது. என் கருத்தில், பிள்ளைகளுக்கு இவை இரண்டுமே கடலைவிட அதிகம் கற்றுத்தரும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில்தான் கூடுதல். பள்ளி விடுமுறையையும் வார இறுதியையும் தவிர்த்தால் கூட்டமும் இராது, வாடகையைப் பேசிக் குறைக்கவும் இடமிருக்கும்.

ஒருவேளை முன்பணத்தை ஏற்கெனவே கட்டியிருந்து, வாக்களித்த சேவை கிடைக்காமல் போனால், கட்டணச் சீட்டையும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில், வழக்கறிஞர் இன்றி நீங்களே வழக்கைப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அதற்குப் பணம் பெற்றவரின் பெயரும் முகவரியும் தேவை. வங்கிக் கணக்கு எண்ணைத் தவிர வேறு எதையும் தராத ஒருவரிடம் முழுத் தொகையையும் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.