டிக்கி பெட்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஆல்மன் பிரதர்ஸ் குழுன்னாலே ட்வேன் ஆல்மன்தானே சார்? பெட்ஸ் பக்கவாத்தியம்தானே?

பதில்: அந்த அமெரிக்க ராக் குழுவில் ட்வேன், பெட்ஸ் இருவருமே கிட்டாரிஸ்டுகள். குழுவின் ஒரே டாப் டென் பாட்டு ‘ராம்ப்ளின் மேன்’. 1973-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 2-ஆம் இடம். எழுதிப் பாடியவர் உங்கள் ‘பக்கவாத்தியம்’! ட்வேன் 1971 அக்டோபரிலேயே ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் பைக் விபத்தில் இறந்துவிட்டார். வயது 24. அதன்பின் கிட்டார் பாரம் முழுக்க பெட்ஸ் தலையில்தான்.

கேள்வி: அண்ணே, அவர் வாசிப்பை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

பதில்: புளூஸ்காரர்கள் அழுகிற இடத்தில் இவர் சிரிப்பார். ஃப்ளோரிடாவில் பிறந்து, ஐந்து வயதில் உக்குலேலே, பிறகு மாண்டலின், பாஞ்சோ என்று வளர்ந்த கை. ‘புளூ ஸ்கை’ பாட்டில் அவர் தனியாக வாசிக்கும் சோலோ நம் காதில் கிட்டத்தட்ட மோகனமாகவே விழும். இரண்டு கிட்டாரும் ஒரே மெட்டை மேலும் கீழுமாக இழைத்துப் போவதுதான் அந்தக் குழுவின் முத்திரை.

கேள்வி: அவர் மெட்டமைத்த ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’ல வர்ற எலிசபெத் ரீட் யாரு, காதலியா?

பதில்: மேக்கனின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் பார்த்த பெயர். பெட்ஸ் மனதில் இருந்த பெண் வேறு. அவள் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலை. ட்வேனும் பாஸ் கிட்டாரிஸ்ட் பெர்ரி ஓக்லியும் பின்னாளில் அதே தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கேள்வி: அவரோட ‘ஜெசிக்கா’, ‘டாப் கியர்’ங்கிற பிரிட்டிஷ் கார் டிவி நிகழ்ச்சியோட பாட்டுதானே?

பதில்: ஆமாம். தீக்காயத்தால் இடது கையில் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் நினைவாக, இரண்டே விரலில் வாசிக்கும்படி ஒரு மெட்டுத் தேடினார். பிடிபடவில்லை. அப்போது அவருடைய குழந்தை ஜெசிக்கா தத்தித் தத்தி உள்ளே வந்தாள். அந்தத் துள்ளல்தான் மெட்டு. இதன் மேடைப் பதிவுக்கு 1996-ல் கிராமி.

கேள்வி: பெட்ஸை ஏன் குழுவிலிருந்து விலக்கினாங்க?

பதில்: குடி, போதை என்றார்கள் மற்றவர்கள், அவர் மறுத்தார். 2000-ல் ஃபேக்ஸில் சேதி வந்தது. முப்பது வருட உறவுக்கு ஒரு ஃபேக்ஸ்! மறுபடி அந்தக் குழுவில் சேரவே இல்லை. 2024 ஏப்ரலில், 80 வயதில் காலமானார்.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: 1971-ல் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் எடுத்த கச்சேரிப் பதிவு, ‘எலிசபெத் ரீட்’, 13 நிமிடம். தொடக்கத்தில் வயலின் மாதிரி மெல்ல எழுவது பெட்ஸ் கிட்டார். முதல் சோலோவும் அவருடையதே. ஆர்கன் சோலோ முடிந்த பிறகுதான் ட்வேன் வருவார்.