எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: நடை தள்ளாடினால் அன்றிரவே கீழே

கேள்வி: எனக்கு வயது 49. பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன், கட்டுப்பாட்டில் இருக்கிறது. வரும் அக்டோபரில் நானும் கணவரும் நண்பர்களுமாக எட்டுப் பேர் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறோம். போன வருடம் விமானத்தில் லடாக்கின் லே நகரம் போய் இறங்கிய அன்றிரவே எனக்குத் தலைவலி, வாந்தி. இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கணவருக்கோ தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. ஆக்சிமீட்டரில் 90-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. உயரநோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? கற்பூரம் முகர்ந்தால் போதுமா? குழுவில் ஒருவர் மெடிக்கல் ஷாப்பில் டெக்ஸா மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். தினமும் காலையில் ஆளுக்கு ஒன்று போட்டால் தலைவலியே வராது என்கிறார். என்னால் முடியாமல் போனால் எட்டுப் பேரும் திரும்ப வேண்டியிருக்குமா, டாக்டர்?

வாசகி, ஈரோடு

பதில்: திரும்ப வேண்டாம். நீங்களும் துணைக்கு ஒருவரும் இறங்கினால் போதும், மற்றவர்கள் போகலாம். கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மலையில் உயிரைப் பறிப்பதில் அந்தக் கூச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ‘நம்மால மத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு’ என்று தலைவலியை மறைத்து, தட்டில் இருப்பதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாயிற்று என்று சொல்லி, மறுநாளும் மேலே ஏறுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: எட்டுப் பேருக்கு எத்தனை கைடு? ஒருவர் இறங்க வேண்டி வந்தால் கூட யார் வருவார்? ஒரே ஒரு கைடுதான் என்றால் இன்னொருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். உடம்புக்கு முடியாதவரைத் தனியாக இறங்கவிடவே கூடாது. இந்தப் பேச்சைக் காத்மாண்டுவிலேயே எட்டுப் பேர் முன்னால் முடித்துவிடுங்கள். யார் இறங்கினாலும் யாருக்கும் வருத்தமில்லை என்று அங்கே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால், மேலே போனபின் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று சொல்ல வாய் வரும்.

லேயில் நடந்தது உங்கள் உடம்பின் குறையல்ல, போன வேகத்தின் விளைவு. சமவெளியில் தூங்கி எழுந்தவர் ஒரே நாளில் 3,500 மீட்டரில் படுத்தால் பலருக்கும் அப்படித்தான் ஆகும். 1962 போரை ஒட்டி இமய எல்லைக்கு அவசரமாகக் கொண்டுபோகப்பட்ட வீரர்களைக் கவனித்து, ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயரநோய் கண்ட 1,925 பேரைப் பற்றியது அது. அத்தனை பேரும் உடற்பயிற்சியில் தேறிய வீரர்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன், எனக்கு வராது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு, அதே வேகத்தில் போனால், மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது வேகத்தைத்தான்.

பேஸ் கேம்ப் பாதையில் அது முடியும். விமானம் இறங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர். அங்கே இறங்கியதும் பாக்டிங் வரை நடந்து 2,610-இல் முதல் இரவு. அடுத்து நாம்சே பஜார் 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,900-க்கு மேல், கோரக் ஷெப் 5,160. பேஸ் கேம்ப் 5,364. 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது விதி. பாக்டிங்கிலிருந்து நாம்சே 830 மீட்டர் ஏற்றம், விதியை மீறுகிறது. அதை ஈடுகட்டத்தான் நாம்சேயில் இரண்டு இரவு, திங்போச்சேயில் இரண்டு இரவு. உங்கள் கையில் இருக்கும் திட்டத்தாளில் இந்த இரண்டும் இருக்கிறதா பாருங்கள். லீவு போதவில்லை என்று ஒரு நாளைக் குறைத்திருந்தால் அந்தப் பயணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தங்கும் நாளில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். நாம்சேயிலிருந்து 3,880 மீட்டர் வரை ஏறி, எவரெஸ்டைப் பார்த்துவிட்டு, கீழே வந்து தூங்குங்கள்.

உடம்பு அந்த நாட்களில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் மற்றப் பயங்களில் பாதி போய்விடும். மேலேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். பேஸ் கேம்பில் ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தில் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும். அதனால் உடம்பு வேகமாக மூச்சு வாங்கும். வேகமாக வாங்கினால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை ஏறும். உடனே மூளை ‘போதும், குறை’ என்று மூச்சுக்குத் தடை போடும். அந்தத் தடையை நீக்குவது சிறுநீரகம். மிஞ்சிய பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமன்செய்ய அதற்குச் சில நாட்கள் வேண்டும். அதற்குத்தான் இந்த ஓய்வு இரவுகள்.

டயமாக்ஸ் செய்வதும் இதே வேலைதான். சிறுநீரகம் நாலு நாளில் செய்வதைச் சீக்கிரம் செய்யவைக்கிறது. ஆரோக்கியமான கிட்னியை அது கெடுக்காது. லே அனுபவம் இருப்பதால் உங்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். 125 மி.கி., அதாவது 250 மாத்திரையில் பாதி, காலையில் ஒரு பாதி, மாலையில் ஒரு பாதி. லுக்லா விமானத்துக்கு முந்தைய நாள் தொடங்கி, மிக உயரமான இடத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிக்கும்வரை. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். மூன்றும் தொல்லைதான், ஆபத்தில்லை. ஆனால் உங்கள் கிட்னி எப்படி இருக்கிறது, சல்ஃபா மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று உங்கள் டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதித்தர வேண்டும். ஈரோட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

டெக்ஸா விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது ஸ்டீராய்டு. மூளை வீக்கத்தை அடக்கும், தலைவலியை மறைக்கும், ஆனால் உடம்பை உயரத்துக்குப் பழக்காது. தினமும் போட்டுக்கொண்டு ஏறுகிறவருக்கு நோய் உள்ளே இருந்தாலும் அடையாளம் தெரியாது. 5,000 மீட்டரில் மாத்திரை தீர்ந்தாலோ வாந்தியில் போய்விட்டாலோ அத்தனையும் ஒரேயடியாகத் தாக்கும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வயிற்றுப் புண் என்று தெரியாமல் எட்டுப் பேருக்கு ஒரு அட்டையைப் பங்கு போடுவது பெரும் தவறு. அவரிடம் என் பெயரைச் சொல்லியே தடுத்துவிடுங்கள். அந்த மருந்துக்கு மலையில் ஒரு இடம் உண்டு. ஆள் ஆபத்தில் இருக்கும்போது, கீழே இறக்கும் வழியில் கொடுக்க. அதற்கென்று மருத்துவர் எழுதித்தந்த அளவோடு கைடின் பையில் இருக்கட்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கற்பூரம் மூக்குக்குக் குளிர்ச்சி தரும், இரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜனைக்கூட ஏற்றாது. வாயில் போட்டால் விஷம், வலிப்பு வரும். சின்ன ஸ்ப்ரே டப்பா ஆக்சிஜன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். லாட்ஜில் கொடுக்கும் பூண்டு சூப் சூடாக, நன்றாக இருக்கும், குடியுங்கள். அது மருந்தல்ல. காலையில் முகமும் கண்ணும் லேசாக வீங்கியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததும் நான் மேலே சொன்ன தடையால்தான். பத்துப் பதினைந்து விநாடி நிற்கும், பிறகு ஒரு பெருமூச்சோடு தொடங்கும். உயரத்தில் அனேகருக்கும் வரும். அதற்காகத் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மதுவும் வேண்டாம். ஈரோட்டிலும் அப்படி வருகிறது, பலத்த குறட்டையும் உண்டு என்றால் அது வேறு விஷயம், போவதற்கு முன் பரிசோதிக்க வேண்டும். அம்லோடிபினை நிறுத்தாதீர்கள்.

ஆக்சிமீட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் சரி. 90-க்குக் கீழே ஆபத்து என்பது ஈரோட்டுக் கணக்கு. கோரக் ஷெப்பில் 80-ஐ ஒட்டி எண் காட்டும் மனிதர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். விரல் குளிர்ந்திருந்தால் கருவி இன்னும் குறைத்துக் காட்டும். இரவெல்லாம் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எண் நன்றாக இருக்கிறதென்று நோயாளியைக் கோட்டை விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது காலை. காலடியை.

பல வருடங்களுக்கு முன் லடாக்கில் ராணுவ மருத்துவனாக இருந்தேன். ஒரு கணவாய்க்குப் பக்கத்தில், 4,700 மீட்டரில் எங்கள் முகாம். மேலே வந்து மூன்றாம் நாள் மாலை, இருபத்து நாலு வயது ஜவான் ஒருவனைத் தோழர்கள் படுக்கவைத்துப் போர்த்திவிட்டிருந்தார்கள். ரம் அதிகமாகிவிட்டது, தூங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். அவன் வாயில் மது வாடையே இல்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டச் சொன்னேன். இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கி நிறுத்தி, சிமெண்டுத் தரையின் இணைப்புக் கோட்டில் நடக்கச் சொன்னேன். முதல் அடி சரியாக வைத்தான். இரண்டாவதும். மூன்றாவது அடியில் இடது கால் ஒரு சாண் விலகி விழுந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. டெக்ஸா ஊசி போட்டு, ஆக்சிஜன் கொடுத்து, அந்த இருட்டிலேயே ஜீப்பில் இறக்கினோம். விடிவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தோம். என் பெயரைச் சொல்லி டீ கேட்டான். காலை வரை தூங்கவிட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டான்.

மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கும்போது நடையை நிலைநிறுத்தும் பகுதி சீக்கிரமே தடுமாறும். அதனால் நாம்சேயிலிருந்து தினமும் மாலை, சாப்பாட்டுக்கு முன், லாட்ஜின் மரத்தரையில் ஒரு பலகைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேரும் நடங்கள். ஒரு காலின் குதிகால் மறு காலின் பெருவிரலைத் தொட வேண்டும். பத்து அடி போய், திரும்பி, பத்து அடி வர வேண்டும். களைத்திருந்தாலும் ஆரோக்கியமானவர் சமாளித்துவிடுவார். கோட்டை விட்டு விலகுகிறவர், திரும்பும்போது சாய்கிறவர், எதையாவது பிடிக்கத் தேடுகிறவர் அன்றிரவே இறங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம், ஹெலிகாப்டர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவில் ஹெலிகாப்டர் வராது. டார்ச் வெளிச்சத்தில், இருபுறமும் தாங்கிப் பிடித்து, தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு, குறைந்தது 500 மீட்டராவது இறங்குங்கள், முடிந்தால் ஆயிரம். லோபுச்சேயிலிருந்து என்றால் கீழே இருக்கும் பெரிச்சே ஊருக்கு. அங்கே 1973-இல் தொடங்கப்பட்ட ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷனின் மருத்துவ முகாம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மருத்துவர்களோடு திறந்திருக்கும். திங்போச்சே ஓய்வு நாளில் சிறு மேட்டைத் தாண்டிப் பெரிச்சே போய் அவர்கள் பிற்பகலில் எடுக்கும் உயரநோய் வகுப்பையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

இறங்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைப்பது. நேற்றுவரை உங்களோடு சேர்ந்து நடந்தவர் இன்று பத்து அடிக்கு ஒருமுறை நின்று இருமினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அவருக்கும் இதே மருந்து, கீழே இறங்குவதுதான். அவரை நடக்கவைத்து வதைக்காமல், இயன்றவரை சுமந்து இறக்குங்கள்.

வெறும் தலைவலிக்கு இறங்க வேண்டாம். பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்து, அதே இடத்தில் தங்குங்கள். தலைவலி போகும்வரை மேலே ஒரு அடி வைக்காதீர்கள். போய்விட்டால் ஏறுங்கள். கூடிக்கொண்டே போனாலோ வாந்தி நிற்காவிட்டாலோ இறங்குங்கள். அப்படி ஒரு நாள் தங்க நேர்ந்தால் ஆகட்டுமே என்று, கையில் இரண்டு உபரி நாள் வைத்துத் திரும்பும் டிக்கெட் எடுங்கள்.

அந்தக் கோட்டு நடையை இன்றைக்கே வீட்டில், டைல்ஸ் இணைப்பில், இருவரும் நடந்து பாருங்கள். முழங்கால் வலியோ பழைய காதுக் கோளாறோ இருப்பவர் ஈரோட்டிலேயே கொஞ்சம் ஆடுவார். யார் எப்படி நடப்பார் என்று இங்கேயே தெரிந்துகொண்டால், லோபுச்சேயில் ஒரு மாலை உங்கள் கணவர் மூன்றாவது அடியில் விலகும்போது ‘அவர் எப்பவும் இப்படித்தான்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.