ஸ்வீடன் எக்ஸ்சேஞ்ச்: கையெழுத்து வாங்கினீர்களா?

ஆகஸ்ட் கடைசியில் அங்கே செமஸ்டர் தொடங்கிவிடும் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், எக்ஸ்சேஞ்சில் (இங்கே கல்லூரி மாணவராக இருந்தபடியே ஒன்றிரண்டு செமஸ்டர் வெளிநாட்டில் படிப்பது) ஸ்வீடன் போகிறவர்களின் கடிதங்கள்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவர் கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எத்தனை மாதம் என்று ஒரு வரி கூட இல்லாமல் “விசா கிடைக்குமா சார்?” என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கல்லூரியில் எக்ஸ்சேஞ்சுக்குத் தேர்வாகிவிட்டேன். விண்ணப்ப வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு கன்சல்டன்சி 60,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா? (கோவை)

ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே உள்ள ஒப்பந்தம். உங்கள் கல்லூரி உங்கள் பெயரை அனுப்பினால்தான் அங்கிருந்து விண்ணப்ப இணைப்பே வரும். இதில் ஏஜென்ட்டுக்கு என்ன வேலை? முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் கட்டும் 900 குரோனர் விண்ணப்பக் கட்டணமும் உங்களுக்குக் கிடையாது, அங்கே கல்விக் கட்டணமும் கிடையாது. இங்கே உங்கள் கல்லூரிக்கு வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும்.

ஐந்து மாதத்துக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? அப்பாவின் வங்கிக் கணக்கைக் காட்டினால் போதுமா? (திருச்சி)

மூன்று மாதத்துக்கு மேல் படிப்பு என்றால் உங்களுக்கு வேண்டியது விசா அல்ல, வசிப்பு அனுமதி. அதைத் தருவது மிக்ரேஷன்ஸ்வெர்கெட் என்கிற குடியேற்றத் துறை. மாதத்துக்கு 10,500 குரோனர் அளவில் கையில் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். ஐந்து மாதத்துக்கு 50,000 குரோனருக்குக் கொஞ்சம் மேலே. நம் பணத்தில் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகை வருஷா வருஷம் கொஞ்சம் ஏறும், விண்ணப்பிக்கும் அன்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் 1,500 குரோனர் தனி.

அப்பாவின் கணக்கு போதாது. பணம் உங்கள் பெயரில், நீங்கள் நினைத்தபோது எடுக்கிற நிலையில் இருக்க வேண்டும். தங்குவது ஓராண்டுக்குக் குறைவு என்பதால் முழு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு ‘ஸ்டூடண்ட் இன்’ என்ற அரசுக் காப்பீட்டைப் பல பல்கலைக்கழகங்களே எடுத்துத் தருகின்றன. உங்களுக்கும் உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அனுமதி வந்துவிட்டது என்ற கடிதத்தோடு கிளம்பிவிடவும் கூடாது. கைரேகையும் படமும் கொடுத்து, அட்டை கைக்கு வந்த பிறகுதான் விமானம்.

வகுப்பு டிசம்பர் நடுவிலேயே முடிகிறது போலிருக்கிறது. டிசம்பர் 18-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன், மலிவாகக் கிடைத்தது. பிரச்சினை இல்லையே? (சென்னை)

‘போலிருக்கிறது’ என்று டிக்கெட் போடுகிறவர்களை என்ன சொல்ல? அங்கே இலையுதிர் செமஸ்டர் முடிவது ஜனவரி நடுவில். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு, ஜனவரி முதல் இரண்டு வாரத்தில் தேர்வு வைக்கிற துறைகள் ஏராளம். தவறவிட்டால் மறுதேர்வு நிச்சயம் உண்டு. ஆனால் அது சில வாரமோ சில மாதமோ கழித்து, அங்கேதான் நடக்கும். சென்னையில் உட்கார்ந்து எழுத விடுவார்களா என்பது அந்தத் துறையின் தயவு. கால அட்டவணையைத் திறந்து தேர்வுத் தேதியைப் பாருங்கள், இன்றைக்கே.

இன்னொன்று. எழுத்துத் தேர்வுக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள் முன்பே லாடோக்கில் (பாடப் பதிவும் மதிப்பெண்ணும் இருக்கும் அவர்களுடைய இணையத் தளம்) பதிவு செய்ய வேண்டும். பாடத்துக்குப் பதிவு செய்திருப்பது தேர்வுக்கும் சேர்த்து அல்ல. பதிவு செய்யாமல் போய் நின்றால் இடம் மிச்சமிருந்தால் உட்காரலாம், இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். நம் ஊர் மாதிரி ஹால் டிக்கெட் தானாக வராது.

பேராசிரியரை எப்படி அழைப்பது? (வேலூர்)

பேரைச் சொல்லி. ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம். முதல் வாரம் நாக்கு கூசும், அப்புறம் பழகிவிடும்.

திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. 75 சதவீத வருகைச் சான்றிதழ், நூற்றுக்கு எவ்வளவு என்ற மதிப்பெண், வகுப்பில் எத்தனையாவது ரேங்க், இந்த மூன்றையும் கொண்டுவந்தால்தான் கிரெடிட் ஏற்போம் என்கிறது கல்லூரி. ஸ்வீடனில் கேட்டால் அப்படி எதுவும் தருவதில்லை என்கிறார்கள். என்ன செய்வது? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

இந்தக் கடிதம் வராத வருஷமே இல்லை. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது, ஆனால் மாணவர் மேல் அல்ல.

ஸ்வீடன்காரர்கள் முரண்டு பிடிக்கவில்லை. அவர்களிடம் அந்தக் காகிதம் உண்மையிலேயே கிடையாது. விரிவுரைக்கு அங்கே வருகைப்பதிவு எடுப்பது அபூர்வம். லேப், செமினார் மாதிரிச் சிலவற்றுக்குத்தான் கட்டாயம். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு வாரம், அதாவது 40 மணி நேரம் உழைத்தால் ஒன்றரை கிரெடிட் என்பது அவர்கள் கணக்கு. பல துறைகளில் 7.5 கிரெடிட் பாடம் ஒன்றை ஐந்து வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அந்த 40 மணி நேரத்தில் வகுப்பு என்பது எட்டோ பத்தோ தான், மிச்சமெல்லாம் நீங்களே உட்கார்ந்து படிப்பது. இதில் 75 சதவீதத்தை எதற்கு எதிரே வைத்துக் கணக்குப் போட?

மதிப்பெண்ணும் அப்படித்தான். எந்த அளவுகோல் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் யு, ஜி, விஜி. அதாவது தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி, அவ்வளவுதான். ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஏ முதல் எஃப் வரை. கோதன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கு 3, 4, 5. நூற்றுக்கு இவ்வளவு என்று எங்கும் வராது. ரேங்க் போடுகிற வழக்கமே அந்த நாட்டு உயர்கல்வியில் இல்லை. லாடோக்கிலிருந்து இறங்கும் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு, தேதி, கூடவே இணையத்தில் சரிபார்க்க ஒரு குறியீடு, இவ்வளவுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் இங்கே தேர்வுப் பிரிவில் முதல் கேள்வி: “ரவுண்ட் சீல் எங்கே?”

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒவ்வொரு பாடத்துக்கும் அதிகாரபூர்வப் பாடத்திட்டம் அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும். குறியீடு, கிரெடிட், கிரேடு அளவுகோல் எல்லாம் அதிலேயே உண்டு. அதை இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, அங்குள்ள எக்ஸ்சேஞ்ச் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை முழுநேர மாணவர், முழுநேரம் என்றால் செமஸ்டருக்கு 30 கிரெடிட், விரிவுரைகளுக்கு வருகை பதியப்படுவதில்லை, ரேங்க் தரப்படுவதில்லை” என்று ஒரு கடிதம் கேளுங்கள். நிதானமாகக் கேட்டால் தருவார்கள். இரண்டையும் சேர்த்து, துறைத் தலைவர் வழியாக, கல்விக் குழுவின் முடிவுக்கு வைக்கும்படி விண்ணப்பம் எழுதுங்கள். தேர்வுப் பிரிவு குமாஸ்தாவிடம் நின்று மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை, விதியை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இனி என் ஆற்றாமை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் படம் கல்லூரி முதல்வர் அறைச் சுவரில் தொங்குகிறது. மாணவர் கிளம்பும்போது வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். ஆனால் அவர் படித்துவிட்டு வரும் பாடத்தை எந்தப் பாடத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்வது, விஜி என்றால் நம் கணக்கில் என்ன கிரேடு என்பதை எழுதிவைத்த விதி எந்த ஃபைலிலும் இருக்காது. திரும்பி வந்த பிள்ளை, அங்கே தேறிய பாடத்தையே இங்கே அரியர் மாதிரி எழுதிக்கொண்டிருக்கும். அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஏற்கவும் தெரிய வேண்டாமா?

இனி கிளம்பப் போகிறவர்கள் கவனியுங்கள். எடுக்கப்போகும் பாடங்களைக் கிளம்பும் முன் எழுதிக் கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: அங்கே எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு, கிரேடை மாற்றும் கணக்கு, வருகைப்பதிவு விலக்கு. துறைத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் இருவர் கையெழுத்தும் வேண்டும். அங்கே போனபின் பாடங்கள் ஒன்றோடொன்று மோதும், மாற்ற வேண்டிவரும். அதனால் உபரியாக இரண்டு மூன்று பாடங்களுக்கும் இப்போதே ஒப்புதல் வாங்குங்கள். “போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்” என்று சொன்ன துறைத் தலைவர் நீங்கள் திரும்பும்போது மாறியிருப்பார். கையெழுத்து மாறாது.

லுண்டில் (தெற்கு ஸ்வீடனின் பல்கலைக்கழக ஊர்) அறை கிடைக்கவில்லை. முகநூலில் ஒருவர் மாதம் 3,000 குரோனருக்குத் தனி ஃபிளாட் தருகிறார். இப்போது லண்டனில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். (புதுச்சேரி)

சாவி வராது. மாணவர் விடுதியில் ஒற்றை அறையே 4,000 முதல் 6,000 வரை போகும் ஊரில் 3,000-க்குத் தனி ஃபிளாட்டா? உள்ளே நுழைந்து பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் அறை ஒதுக்கிவைக்கும், அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. அதைத் தவறவிட்டுத்தான் பலரும் முகநூலுக்கு வருகிறார்கள். லுண்ட் இல்லையென்றால் மால்மோ, எஸ்லோவ், லேண்ட்ஸ்க்ரூனா என்று ரயிலில் போய்வரும் தூரத்தில் தேடுங்கள். மால்மோவிலிருந்து கால் மணி நேரம்தான்.

பெர்சோன்நம்மர் எண் கிடைக்குமா? (சேலம்)

ஸ்வீடனின் தனிநபர் அடையாள எண் அது. ஒரு செமஸ்டருக்குக் கிடைக்காது. குறைந்தது ஓராண்டு தங்குகிறவர்களுக்குத்தான். அது இல்லாமல் பேங்க்ஐடி (மின்னணு அடையாளம்), ஸ்விஷ் (கைபேசியில் பணம் அனுப்பும் செயலி) இரண்டும் கஷ்டம். ஊர் வங்கியின் பன்னாட்டு அட்டை இரண்டு எடுத்துப் போங்கள், வெவ்வேறு வங்கியாக இருந்தால் நல்லது. ரொக்கத்தைக் கட்டுக்கட்டாக மாற்றிக்கொண்டு போகாதீர்கள், பேருந்திலும் பல கடைகளிலும் வாங்கவே மாட்டார்கள்.

என் மகன் உப்சாலாவில் படிக்கிறான். ஏதோ ‘நேஷன்’ என்பதில் உறுப்பினராகச் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறான். அரசியல் கட்சியா? அனுமதி ரத்தாகிவிடுமா? (ஒரு தந்தை, தஞ்சாவூர்)

கவலைப்படாதீர்கள் ஐயா. எந்தப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பதை வைத்து மாணவர்கள் பல நூறு வருஷம் முன்பு தொடங்கிய சங்கங்கள் அவை. உப்சாலாவில் 13, லுண்டிலும் 13. இப்போது யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் சேரலாம். மலிவான மதியச் சாப்பாடு, பாட்டுக் குழு, நூலகம், விருந்து எல்லாம் உண்டு. மதுவும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. தனியாக அறையில் அடைந்து கிடப்பதைவிட அங்கே போய் நாலு பேரோடு பழகுவது நல்லது, நவம்பர் இருட்டில் இன்னும் நல்லது.

லேப் ரிப்போர்ட்டை இரண்டு பேர் சேர்ந்து எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கலாமா? இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். (பெயர் போடவில்லை, நல்லவேளை)

கூடாது. அங்கே அது ஏமாற்று. இப்படி ஒன்றைக் கண்டால் ஆசிரியர் கண்டும் காணாமல் விட மாட்டார், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். எச்சரிக்கையோடு விடலாம், அதிகபட்சம் ஆறு மாதம் இடைநீக்கம். நீங்கள் இருக்கப்போவதே ஐந்து மாதம். கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் மாட்டுவார்கள். ‘சேர்ந்து செய்யலாம்’ என்று பாடக் குறிப்பில் இருந்தால் மட்டும் சேர்ந்து செய்யுங்கள். சந்தேகம் வந்தால் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அம்மா நெய், பால்கோவா, கறிவேப்பிலை, கருவாடு எல்லாம் கட்டிக்கொடுக்கிறார். கொண்டுபோகலாமா? (யாழ்ப்பாணம்)

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பயணப் பையில் வரக் கூடாது. ஆக நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதை யாரும் வாங்குவதில்லை. மீனுக்கு விதி வேறு. அளவோடு போனால் கருவாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் அந்த நெடியை விடுதித் தளத்தில் ஏழெட்டுப் பேர் பங்குபோடும் சமையலறையில் அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். மிளகாய்ப்பொடியும் அரைத்த சரக்குத்தூளும் தாராளமாகக் கொண்டுபோகலாம். காய்ந்த மிளகாயைக் கொதிக்கிற எண்ணெயில் போடும்போது புகை உறிஞ்சியைப் போட்டு, தாழ்வாரக் கதவைச் சாத்திவிடுங்கள். அலாரம் அலறினால் கட்டிடமே வெளியே வந்து பனியில் நிற்கும்.

பகுதிநேர வேலை செய்து செலவைச் சமாளிக்கலாமா? (மதுரை)

அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஸ்வீடிஷ் தெரியாமல், ஐந்து மாதத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் கடை அரிது. வேலை விதிகளும் மாறும், உங்கள் அனுமதிக்கு எது பொருந்தும் என்பதைக் குடியேற்றத் துறைத் தளத்தில் படியுங்கள், சீனியர் சொன்னதை அல்ல.

குளிருக்கு சென்னையிலேயே ஜாக்கெட் வாங்கிவிடவா?

வேண்டாம். அங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல ஜாக்கெட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். வழுக்காத ஷூ மட்டும் புதிதாக வாங்குங்கள். குளிரைவிட இருட்டுதான் படுத்தும்: டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம், வடக்கே உமேயோவில் நாலரை. சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

லுண்டுக்குப் போகிறேன். ஸ்டாக்ஹோமுக்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன், சரிதானே? (நாகர்கோவில்)

வரைபடத்தைப் பார்த்தீர்களா? ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்டுக்கு ரயிலில் நாலரை மணி நேரம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இறங்கினால் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் ஏறி, கடல் பாலத்தைத் தாண்டி முக்கால் மணியில் லுண்ட். பாலம் தாண்டியதும் சோதனை இருக்கலாம், பாஸ்போர்ட்டும் வசிப்பு அனுமதி அட்டையும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. பல்கலைக்கழகம் குறித்திருக்கும் வருகை நாளிலேயே போய்ச் சேருங்கள். அன்றைக்குத்தான் அறைச் சாவி தர ஆள் உட்கார்ந்திருப்பார்கள்.