வாசகர் கேள்வி: கைக்கு எட்டியது...

கேள்வி: அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில், அணி அரையிறுதிக்கு வந்தாலே மேயோ மாவட்ட ரசிகர்கள் ஏன் புலம்பத் தொடங்குகிறார்கள்?

பதில்: சூடு கண்ட பூனைகள் ஐயா அவர்கள்! அயர்லாந்து முழுவதற்குமான கேலிக் கால்பந்துச் சாம்பியனுக்குத் தரப்படும் சாம் மகுவயர் கோப்பையை மேயோ கடைசியாக வென்றது 1951-ல். அதன்பின் 2021 வரை பதினொரு இறுதிப் போட்டிகளில் தோல்வி. அந்த 1951 வெற்றியோடு ஊர் திரும்பியபோது, ஃபாக்ஸ்ஃபோர்டில் ஒரு சவ ஊர்வலத்தை மதிக்காததால் பாதிரியார் சபித்துவிட்டார் என்றொரு கதை உண்டு. நான் நம்பவில்லை. ஆனால் டப்ளினுக்கு எதிரான 2016 இறுதியை நினைத்தால் சற்றே தடுமாறுகிறேன். டப்ளின் கணக்கில் சேர்ந்த இரண்டு கோல்களையும் மேயோ வீரர்களே தங்கள் வலைக்குள் தள்ளினார்கள்! ஆட்டம் சமன், மறு ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோல்வி. அன்றைய விதிப்படி, பந்து குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. அந்த ஒன்றுதான் இவர்களுக்கு எமன்.

2017-லும் அதே டப்ளின், அதே ஒரு புள்ளி. கடைசி நேரத்தில் டப்ளினின் டீன் ராக் ஃப்ரீ கிக் உதைக்க ஓடிவரும்போது, மேயோவின் லீ கீகன் ஓட்டத்தை அளக்க உடலில் அணிந்திருந்த தன் ஜி.பி.எஸ். கருவியைக் கழற்றி அவர்மீது வீசினார். தப்புதான், ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. பந்து கம்பத்துக்கு மேலேதான் போனது.